தரை ஏன் உருள்கிறது?

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறேன். விசைப்படகு வைத்திருக்கும் குடும்பம். பள்ளிக்கூட நாளிலிருந்தே கடலுக்குப் போய்ப் பழகியவன். என் அக்கா மகள் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளுடைய சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த நின்டெண்டோ ஸ்விட்ச்சை லீவுக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டு டிவியில் மாட்டி ‘அனிமல் கிராசிங்’ ஆடுகிறாள். தீவு, மரம், மீன், வீடு எல்லாம் அழகுதான். ஆனால் நடக்க நடக்கத் தரை அப்படியே உருண்டு வருகிறது. “உலகம் உருண்டைதானே மாமா, தேவனாம்பட்டினம் பீச்சில் படகு மறைகிற கணக்குதான் இதுவும்” என்கிறாள். பிளஸ் டூ படிக்கும் என் மகனோ, பழைய பதிப்பில் இருந்ததுபோலத் தட்டையாக இருந்தால்தான் ஆட வசதி என்று அவளோடு மல்லுக்கு நிற்கிறான். எனக்குப் பத்து நிமிஷத்தில் தலை சுற்றுகிறது. அலையில் சுற்றாத தலை இதில் ஏன் சுற்ற வேண்டும்? யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் அக்கா மகள் சொல்வது பாதி சரி. மகன் சொல்வது முக்கால் சரி. உங்கள் தலை சொல்வது முழுக்கச் சரி.

முதலில் அந்தப் பெண்ணின் கணக்கைப் பார்ப்போம். தேவனாம்பட்டினம் மணலில் நிற்பவருக்குத் தொடுவானம் சுமார் நாலரை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. பூமியின் வளைவால் 1 கிலோமீட்டரில் கடல்மட்டம் நம் பார்வைக்கு 8 சென்டிமீட்டர்தான் தாழ்கிறது. 2 கிலோமீட்டரில் 16 ஆகாது, 31 ஆகும். 10 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 8 மீட்டர். தூரம் இரண்டு மடங்கானால் தாழ்வு நான்கு மடங்கு என்பதுதான் விதி. அதனால்தான் போகிற படகின் உடம்பு முதலில் மறைந்து, மேற்கூரையும் கொடியும் கடைசியில் மறைகின்றன.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் இதையே பார்க்கலாம். இந்தக் கரையை ஒட்டிவந்த ஐரோப்பியக் கப்பலோட்டிகளின் வழிகாட்டி நூல்களில் சிதம்பரம் கோபுரங்களுக்குக் கரை அடையாளமாக இடமுண்டு. கோபுரம் சுமார் 40 மீட்டர் உயரம். கோயிலிலிருந்து கடற்கரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். கப்பல் தளத்தில் நிற்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில் இருந்தால், கணக்குப்படி சுமார் 30 கிலோமீட்டரிலேயே கோபுரத்தின் உச்சி எட்டிப்பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் கிட்டே வரவரத்தான் கீழிருந்து எழும்பும். விளையாட்டில் மரத்தின் உச்சி முதலில் தெரிந்து அடிமரம் பிறகு தெரிகிறதே, அது இதே காட்சிதான்.

ஆனால் அந்தத் தீவு உருண்டை கிடையாது. ஆட்டத்தின் நினைவில் அது 112க்கு 96 கட்டங்கள் கொண்ட தட்டைத் தரை. மரம் நட்ட கட்டம், பள்ளம் தோண்டிய கட்டம் எல்லாம் நேர்கோட்டில் வரிசையாகத்தான் இருக்கின்றன. திரையில் வரையும் கணத்தில்தான் வளைவு வருகிறது. இதற்கு நிரலாளர்கள் வழக்கமாகச் செய்வது ஒரே ஒரு வேலை: ஒவ்வொரு புள்ளியையும் அதன் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கீழே இறக்கிவிடுவது. மேலே சொன்ன அதே விதி. என்ன, அளவை மட்டும் ஏகத்துக்கும் கூட்டிவிடுகிறார்கள். உங்கள் பீச்சில் நாலரை கிலோமீட்டரில் இருக்கும் தொடுவானம் அங்கே சில பத்துத் தப்படிகளிலேயே வந்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வளைவு முன்பின்னாக மட்டும்தான் இருக்கிறது. இடவலமாகத் தரை தட்டையே. ஆடுகிறவர்கள் இதை உருளும் மரக்கட்டை என்று அழைப்பது பொருத்தம்தான். பூமி இப்படியில்லை, எல்லாப் பக்கமும் வளைகிறது. அக்கா மகளுக்குப் பாதி மதிப்பெண் குறைத்தது இதனால்தான்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? 2001-இல் நின்டெண்டோ 64-க்கு ஜப்பானில் வந்த முதல் ஆட்டத்திலும் அதை ஒட்டி வந்த கேம்கியூப் பதிப்பிலும் தரை தட்டைதான். கேமரா மேலிருந்து சாய்வாகப் பார்க்கும். ஊர் சதுரம் சதுரமாகப் பிரிந்திருக்கும். ஓரத்துக்குப் போனால் திரை நகர்ந்து அடுத்த சதுரம் வரும். அதில் வானம் தெரியாது. சாய்த்து வைத்த கேமராவில் தட்டைத் தரை எவ்வளவு தூரம் போனாலும் திரை முழுக்கத் தரைதான். 2005-இல் கையடக்க டிஎஸ் கருவிக்கு ‘வைல்டு வேர்ல்டு’ வந்தது. அதன் ஒவ்வொரு திரையும் 256க்கு 192 புள்ளிகள்தான். அந்தக் குட்டித் திரையில் காலடியும் தெரிய வேண்டும், தூரத்து மரமும் தெரிய வேண்டும், மேல்திரையில் வானமும் வேண்டும் என்றபோது தரையை உருட்டிவிட்டார்கள். கெட்டிக்காரத்தனமான தீர்வு என்றே சொல்வேன். தூரத்தில் இருப்பது வளைவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதால் அதை வரையும் வேலையும் மிச்சம். நம் வீட்டுப் பிள்ளைகள் போனில் ஓடித் தேய்த்த ‘சப்வே சர்ஃபர்ஸ்’ ஆட்டத்திலும் தண்டவாளம் தூரத்தில் கீழே வளைந்து போகும், பார்த்திருப்பீர்கள். அங்கேயும் திரைக்குப் பின்னால் நடக்கிற வேலையை மறைக்க அது உதவுகிறது.

உங்கள் வீட்டுச் சண்டை உலகம் முழுக்க நடக்கிறது. 2020 மார்ச் 20-ஆம் தேதி, நம் ஊரடங்குக்குச் சில நாள் முன்பு, உங்கள் வீட்டில் ஓடும் ‘நியூ ஹொரைசன்ஸ்’ பதிப்பு வந்தது. 4 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. வளைவு பிடித்தவர்கள், தீவு ஒரு குட்டிக் கிரகமாகத் தெரிகிறது, அடுத்து என்ன எழும்பும் என்ற ஆவல் இருக்கிறது என்கிறார்கள். பிடிக்காதவர்களின் புகார் வேறு மாதிரி. இந்தப் பதிப்பில் ஆற்றைத் திருப்பலாம், மேட்டை உயர்த்தலாம், பாதை போடலாம். இவ்வளவு அதிகாரம் கொடுத்துவிட்டு, போட்ட பாதையைக் கடைசிவரை ஒரே பார்வையில் பார்க்க விடவில்லை என்பது நியாயமான குறைதான். உங்கள் மகனுக்கு முக்கால் கொடுத்தது இதற்காக. கால் குறைத்தது, வீட்டுக்குப் பின்னால் மறையும் பூச்செடிகளையும் அவன் வளைவின் கணக்கில் சேர்த்திருப்பான் என்ற சந்தேகத்தால். அது கேமராவின் குற்றம். வெளியில் அது எப்போதும் வடக்கு நோக்கித்தான் பார்க்கும், திரும்பாது. அதனால்தான் தீவில் எல்லாக் கட்டடத்துக்கும் தெற்குப் பார்த்த வாசல். வாஸ்துக்காரர்கள் பார்த்தால் மயங்கிவிடுவார்கள். தில்லையில் தெற்கு நோக்கி ஆடுகிறவர் மட்டும் ஆட்சேபம் சொல்ல மாட்டார்.

இப்போது உங்கள் தலைசுற்றல். படகில் உடம்பு ஆடுகிறது. தொடுவானத்தைப் பார்த்து நின்றால் கண்ணும் அந்த ஆட்டத்தை ஒப்புக்கொள்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் கண்ணும் ஒரே சேதி சொல்வதால் மூளைக்குக் குழப்பமில்லை. வருஷக்கணக்கான பழக்கமும் இருக்கிறது. டிவி முன்னால் நடப்பது நேர் எதிர். உடம்பு நாற்காலியில் அசையாமல் இருக்க, திரையில் தொடுவானக் கோடு நின்ற இடத்தில் நிற்க, தரை மட்டும் அதிலிருந்து எழும்பி எழும்பி உங்களை நோக்கி உருண்டு வருகிறது. நகர்கிறோம் என்கிறது கண். இல்லை என்கிறது காது. கடலில் தொடுவானம் மருந்து, இங்கே அதுவே தொந்தரவின் பாதி. பெரிய டிவியைக் கிட்டே உட்கார்ந்து பார்த்தால் இன்னும் மோசமாகும்.

வளைவை அணைத்துவைக்க ஆட்டத்தின் அமைப்பில் வழியில்லை. இது என்னைப் பொறுத்தவரை நின்டெண்டோவின் பிடிவாதம். ஒரு பொத்தான் வைத்திருந்தால் உங்கள் வீட்டில் மூன்று பேரும் ஒன்றாக ஆடலாம். இருப்பதை வைத்துச் சமாளிக்கச் சில வழிகள் உண்டு. வலதுகைக் குச்சியைத் தள்ளினால் கேமரா உயர்ந்து தரையை மேலிருந்து காட்டும். வளைவு கண்ணில் படுவது குறையும். டிவியிலிருந்து கழற்றிக் கையில் வைத்து ஆடுங்கள். அறையில் விளக்கை எரிய விடுங்கள். சுற்ற ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதீர்கள்.

இன்னொரு வழி உங்களுக்கென்றே இருக்கிறது. தரை உருள்வது மேலும் கீழுமாக நடக்கும்போதுதான். தீவின் தெற்குக் கரையோரமாக இடமும் வலமும் நடந்தால் திரை பக்கவாட்டில் நகரும், உருளாது. அங்கேயே நின்று தூண்டில் போடலாம். மீன் கடிக்கும்வரை திரை அசையாது. மரம் உலுக்குவது, பூச்சி துரத்துவது, பாதை போடுவதெல்லாம் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும், கடற்கரையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.