சரக்கு விமானமும் நம்ம வீட்டுப் பெட்டியும்



வெளிநாட்டு வேலைக்குப் போன அம்மாவோ அக்காவோ அனுப்பும் பெட்டி கப்பலில் வந்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விமானத்தில் வந்தால் சில நாள்தான், ஆனால் கூலி பல மடங்கு. "ஏன் இவ்வளவு காசு?" என்று பலர் நம்மிடம் கேட்கிறார்கள். நம் நாட்டுச் சரக்கு விமானக் கம்பெனி ஒன்றின் கதையைப் பார்த்தால் அது விளங்கும்.

1997இல் எக்ஸ்போ ஏவியேஷன் என்ற தனியார் கம்பெனி கொழும்பில் ஆரம்பமானது. சரக்குதான் அதன் முதல் தொழில். எக்ஸ்போ எயார் என்ற பெயரில், யுத்தகாலத்தில் ஏ-9 பாதை மூடிக்கிடந்தபோது, இரத்மலானையிலிருந்து பலாலிக்கு ஆட்களையும் ஏற்றியது. பிறகு ஃபிட்ஸ்எயார் என்று பெயர் மாறி, 2022 ஒக்டோபரில் எயார்பஸ் விமானத்தில் துபாய்க்குப் பயணிகளைக் கொண்டுபோகத் தொடங்கியது.

இந்தக் கம்பெனி ஓட்டிய விமானங்களைப் பாருங்கள். இலியூஷின்-18 சோவியத் நாட்டில் செய்தது, நான்கு காற்றாடி கொண்டது, முதலில் பறந்தது 1957இல். டீசீ-8 அமெரிக்காவின் டக்ளஸ் கம்பெனி செய்த நான்கு ஜெட் விமானம். 40 தொன்னுக்கு மேல் சுமக்கும். அந்த வகையைச் செய்வதையே 1972இல் நிறுத்திவிட்டார்கள். சிறியவற்றில் ஒல்லாந்து ஃபொக்கர்-27, ஏடிஆர்-72, ஒற்றை எஞ்சின் செஸ்னா ஆகியவையும் இருந்தன.

ஏன் எல்லாம் பழசு? புது விமானம் வாங்கினால் கடனை அடைக்க அது ஓயாமல் பறக்க வேண்டும். சரக்கு அப்படித் தினமும் நிறைய வருவதில்லை. அதனால் சின்னக் கம்பெனிகள் மலிவாகப் பழசை வாங்குகின்றன. ஆனால் பழைய எஞ்சின் எண்ணெயை அதிகம் குடிக்கும், பழுதும் அடிக்கடி பார்க்க வேண்டும். அந்தச் செலவு கடைசியில் பெட்டிக் கூலியில்தான் வந்து விழுகிறது.

எண்ணெய்க் கணக்கு பிழைத்தால் உயிரே போகும். 2000 மார்ச் 24இல் பேங்கொக்கிலிருந்து வந்த ஸ்கை கேப்ஸ் என்ற வேறொரு கம்பெனியின் அன்டனோவ்-12 சரக்கு விமானம், கட்டுநாயக்கவில் இறங்குமுன் எரிபொருள் தீர்ந்து கதிரானையில் விழுந்தது. விமானத்தில் இருந்தவர்களோடு தரையில் இருந்தவர்களும் இறந்தார்கள். சரக்குதானே என்று யாரும் அலட்சியமாக நினைக்கக் கூடாது.

இனி நம்ம பெட்டிக்கு வருவோம். கொழுந்து நிறுக்கும் தராசு நமக்குப் பழக்கம். கூடைக்கும் ஈரத்துக்கும் கழிப்பதையும் பார்த்திருக்கிறோம். விமானத் தராசு வேறு மாதிரி. அது பாரத்தை மட்டும் பார்க்காது, பெட்டி அடைக்கும் இடத்தையும் பார்க்கும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி, 6000ஆல் வகுப்பார்கள். கூரியர் கம்பெனிகள் பல 5000ஆல் வகுக்கும். அப்படி வரும் கிலோ, உண்மையான பாரம் இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் காசு.

60, 50, 40 சென்ரிமீற்றர் பெட்டி என்று வைப்போம். பெருக்கினால் 1,20,000. 6000ஆல் வகுத்தால் 20 கிலோ. உள்ளே 12 கிலோ உடுப்புத்தான் இருந்தாலும் 20 கிலோவுக்குக் கட்ட வேண்டும். மிச்சம் 8 கிலோவும் வெறும் காற்று! அதே உடுப்பை இறுக்கி மடித்து 45, 40, 40 பெட்டியில் அடைத்தால் சரியாக 12 கிலோதான்.

அடுத்த முறை அம்மா டெலிபோன் எடுக்கும்போது, பெட்டி வாங்குமுன் அளவு நாடாவால் அளக்கச் சொல்லுங்கள். எத்தனையால் வகுக்கிறார்கள் என்று கம்பெனியிடம் கேட்கவும் சொல்லுங்கள்.