காலில்லாத உயிர்களை இனம் பிரிப்பது எப்படி?

சென்ற மழைக்காலத்தில் மாலை மதரஸாவுக்கு வந்த பிள்ளைகள், எருக்குழி ஓரத்தில் ஒரு பாம்பை அடித்துப் போட்டிருந்தார்கள். ஒரு முழத்துக்கும் குறைவான நீளம். "மாமா, இதுக்கு ரெண்டு தலை!" என்று ஓடிவந்து சொன்னார்கள். நாங்களும் அருகில் போய்ப் பாராமலே "நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டோம். அதற்காக இன்றும் வருந்துகிறோம். அது விஷமே இல்லாத பிராணி.

பிறகு குனிந்து பார்த்தபோது இரண்டாவது "தலை" வால் என்று தெரிந்தது. வாலைச் சாய்வாக வெட்டிவிட்டது போன்ற நுனி, அதன்மேல் சொரசொரப்பான செதில், செதிலில் ஒட்டிய மண். இதைக் கேடயவால் பாம்பு என்கிறார்கள். மண்ணைத் துளைத்துக்கொண்டு போகும்போது, அந்த வால் பின்னால் வளைக்கு மூடியாகிறது. எதிரி தலையென்று நினைத்து வாலைத் தாக்கினால், தலை தப்பிக்கிறது. மண்புழுவே இதன் முக்கிய உணவு. முட்டையிடாமல் குட்டி போடும்.

பிள்ளைகள் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "மண்புழுவுக்கும் கால் இல்லை, இதுக்கும் இல்லை. அப்ப இது பெரிய மண்புழுவா?"

நியாயமான கேள்வி. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அறிஞர் அல்ஜாஹிழ், தமது விலங்கு நூலில் உயிர்களை நடப்பவை, பறப்பவை, நீந்துபவை, ஊர்பவை என்றே வகுத்தார். கண்ணுக்குத் தெரியும் வழி அது. ஆனால் உள்ளே பார்த்தால் கதை மாறுகிறது. மண்புழுவுக்கு எலும்பே கிடையாது. உடல் முழுக்க வளையம் வளையமான அறைகள்; அவற்றில் நிறைந்த நீரின் அழுத்தமே அதை விறைப்பாக வைக்கிறது. தோலால் மூச்சுவிடுகிறது. முதன்மை நரம்பு வயிற்றுப் பக்கமாக ஓடுகிறது. பாம்புக்கோ மண்டையோடு, நூற்றுக்கும் மேற்பட்ட முள்ளெலும்புகள், விலா எலும்புகள், நுரையீரல் உண்டு. நரம்புத் தண்டு முதுகுப் பக்கம். வீட்டின் வெளிச்சுவர் ஒன்றுபோல் இருந்தாலும் அஸ்திவாரமும் தூண்களும் வேறு. இந்த உள்ளமைப்பைத்தான் உயிரியலார் உடலமைப்புத் திட்டம் என்கிறார்கள். அதன்படி மண்புழு வளைதசைப் புழுக்கள் தொகுதி. பாம்பு நம்மைப் போலவே முதுகுநாணிகள் தொகுதி. வகைப்படி பார்த்தால் பாம்புக்கு மண்புழுவைவிட நாம்தான் நெருங்கிய உறவு! பிள்ளைகள் இதை நம்ப மறுத்தார்கள்.

பெரியவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமண்ணில் சிசிலியன் என்றொரு காலில்லாத பிராணி உண்டு. அது தவளையின் உறவு, இருவாழ்வி. இன்றைய விலங்குப் பெயரிடும் முறைக்குத் தொடக்கமாகக் கொள்ளப்படும் 1758-ஆம் ஆண்டு நூலில், லின்னேயஸே சிசிலியனைப் பாம்புகளோடு சேர்த்துவிட்டார்.

நம் மலைக்கும் இதில் பங்குண்டு. மதராஸ் மாகாண வனத்துறை அதிகாரி பெட்டோம், 1863-இல் சேர்வராயன் மலையின் கேடயவால் பாம்பு ஒன்றைத் தனிச் சிற்றினமாக விவரித்தார். டாக்டர் ஷார்ட் என்பவரின் பெயரால் அது 'ஷார்ட்டி' ஆனது. பின்னால் வந்தவர்கள் அதை மேற்குத் தொடர்ச்சி மலையின் வேறொரு இனத்தோடு சேர்த்து, தனிப்பெயரை நீக்கினார்கள். 2014-இல் ஆய்வாளர்கள் மீண்டும் ஒப்பிட்டு, அது தனி இனம்தான் என்று பெயரைத் திருப்பித் தந்தார்கள். கேடயவால் குடும்பமே தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் அல்லாது உலகில் வேறெங்கும் கிடையாது. எங்கள் எருக்குழியில் செத்தது எந்த இனமென்று சொல்லும் அளவுக்கு நாங்கள் படித்தவர்கள் அல்லர். குடும்பம் மட்டும் தெரிந்தது.

இடையில் ஒன்று. இருதலைப் பாம்பு லட்சக்கணக்கில் விலைபோகும் என்று யாராவது வந்தால், கதவைச் சாத்திவிடுங்கள். அது மோசடி. வாங்கினாலும் விற்றாலும் வழக்கு நம் பிள்ளைகள் மேல்தான் வரும்.

இதைப் படித்துவிட்டு யாரும் பாம்பைக் கையில் எடுத்து வால் பார்க்க வேண்டாம். எஸ்டேட்டில் விரியனும் உண்டு. எது கடித்தாலும் என்ன இனமென்று ஆராயாமல், கட்டுப் போடாமல், கீறாமல், உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிள்ளைகளுக்கு மண்புழு போதும். மழை விட்டதும் ஒன்றை எடுத்துக் காகிதத்தில் விட்டுக் காதைக் கொடுக்கச் சொல்லுங்கள். மெல்லிய உராய்வுச் சத்தம் கேட்கும். அதன் வளையங்களில் உள்ள நுண்முட்களின் சத்தம் அது. கேட்டபின் ஈரமண்ணில் திரும்ப விட்டுவிடச் சொல்லுங்கள்.