ஐட்லிங் தடுமாற்றமும் திருப்புளி பக்தியும்

கார்புரேட்டர் பூட்டிய பழைய புல்லட், சிக்னலில் நிற்கையில் ஒரு கணம் எகிறியும் மறுகணம் அணைவதுபோல் தாழ்ந்தும் துடிக்குமானால், கார்புரேட்டரின் திருகைத் திருப்புவதே அதற்குப் பரிகாரம் என்னும் நம்பிக்கை, வண்டி வைத்திருப்போரிடம் மட்டுமன்றிச் சில பட்டறைகளிலும் கேள்வியின்றி அனுஷ்டிக்கப்படுகிறது. திருகு தானாக இடம் மாறுவது அபூர்வம். நேற்றுவரை ஒழுங்காயிருந்த வண்டி இன்று தடுமாறுகிறதெனில், மாறியது வேறொன்று என்று அனுமானிப்பதே நியாயம்.

ஐட்லிங்கைக் கூட்டி வைத்தால் தீரும் என்பார்கள். தீராது, மறையும், பெட்ரோல் செலவு மட்டும் ஏறும்.

மெயின் ஜெட்டை மாற்றச் சொல்வோரும் உண்டு. ஆக்ஸிலரேட்டர் மூடியிருக்கையில் மெயின் ஜெட்டுக்கு அநேகமாக வேலையே இல்லை. அப்போது எஞ்சினுக்கு வேண்டிய பெட்ரோல், ஊசிமுனையினும் நுண்ணிய துவாரமுடைய ஸ்லோ ஜெட் வழியாகவே செல்கிறது. வாரக்கணக்கில் நிறுத்திய வண்டியில் பெட்ரோல் ஆவியாகி எஞ்சும் பிசின், அந்தத் துவாரத்தைத்தான் முதலில் அடைக்கும். அதைக் கம்பியால் குத்துவது மகா விபரீதம். பித்தளை மிருதுவானதாகையால், பெருத்த துவாரம் மறுபடி சிறுக்காது. கிளீனரும் காற்றழுத்தமுமே போதும்.

கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியும் குணமாகாத வண்டிகளில், பலரும் நோக்கத் தவறுவது அதற்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள இணைப்பு. அங்குள்ள கேஸ்கெட்டோ ரப்பரோ வெடித்திருந்தால், கணக்கில் வராத காற்று உட்புகுந்து கலவையை நீர்த்துப்போகச் செய்யும். முறுக்கிவிட்ட ஆக்ஸிலரேட்டரை மூடிய பின்னும் வேகம் உடனே இறங்காமல் தயங்குவது இதன் பிரதான லட்சணம். இதைச் சோதிக்கச் சூடான எஞ்சின்மீது பெட்ரோல் தெளிப்பவர்களைக் கண்டால் தூர விலகி நில்லுங்கள். சோப்பு நீரே போதும், நனைத்த இடத்தில் சத்தம் மாறினால் வெடிப்பு அங்கேதான்.

பிளக், 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்கவேண்டிய பாயிண்ட் இடைவெளி, குளிர்ந்த நிலையில் பார்க்கவேண்டிய டாப்பெட் ஆகியவையும் கார்புரேட்டரின் தலையில் தம் குற்றத்தைச் சுமத்துவனவே.

திருகை வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும் என்பதும் பாதி உண்மையே. ஏர்ஃபில்டர் பக்கமுள்ள திருகு காற்றை ஆள்வதால், அதை வெளியே திருப்பினால் கலவை நீர்க்கும்; எஞ்சின் பக்கமுள்ள திருகோ கலவையையே ஆள்வதால் பெட்ரோல் மிகும். மற்றவை யாவும் சரியென்று கண்டு, எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரே திருகைத் தொடுங்கள். தொடுமுன், பலவந்தமின்றி உட்காரும்வரை முடுக்கி, எத்தனை சுற்றில் இருந்ததென்று குறித்துக்கொள்ளுங்கள்.