மீட்டிங்குக்கு முன்னால் வயிறு பிசைகிறவர்களுக்கு

ஆபீஸ் பஸ் பாதி வழி வந்திருக்கும், வயிறு பிசைய ஆரம்பிக்கும். ஸ்கேன் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. "டென்ஷன்தான்" என்று மருத்துவரே சொல்லி அனுப்பிவிட்டார். இப்படி அவதிப்படுகிறவர்களில் பலருக்கு இருப்பது ஐபிஎஸ் என்கிற குடல் எரிச்சல் நோய்க்குறி.

இதில் குடலில் புண்ணோ கட்டியோ இருக்காது. குடலுக்கும் மூளைக்கும் இடையிலான நரம்புத் தொடர்பில்தான் கோளாறு. அதனால் சாதாரண வாயு அசைவுகூட வலிக்கும். மூன்று மாதமாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி, கூடவே மலம் கழிக்கும்போது அது கூடுவதோ குறைவதோ, போகும் தடவை மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது ஆகியவற்றில் இரண்டு. தொந்தரவு தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். ஐபிஎஸ் என்று முடிவுசெய்ய, 2016இல் வெளியான ரோம் அளவுகோல் கேட்பது இவற்றைத்தான்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் பேதி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்று. இதில் ஒன்று இருந்தாலும் முதலில் குடல் மருத்துவரைப் பாருங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் வழக்கமாகச் செய்வது, பயந்துபோய் வெறும் வயிற்றோடு கிளம்புவது. மதியம் பசியில் கேன்டீன் சாப்பாட்டை அள்ளிப் போட்டதும், காலையில் அடக்கியது இரண்டரை மணி மீட்டிங்கில் வந்து நிற்கும். சோறு உள்ளே போனதும் பெருங்குடல் சுருங்கத் தொடங்குவது எல்லோருக்கும் உள்ள இயல்பு. காலையில் அந்த வேகம் அதிகம், காபி இன்னும் தூண்டும். அதைத் தடுக்கப் பார்க்காமல் வீட்டிலேயே நடக்க விடுங்கள். முக்கால் மணி முன்னதாக எழுந்து, காபியும் டிபனும் வீட்டில் முடித்து, வயிறு அடங்கியபின் கிளம்புங்கள். நைட் ஷிஃப்டில் இருப்பவர்களும் வேலைக்குக் கிளம்பும் முன் இதே வரிசையைப் பின்பற்றிப் பார்க்கலாம்.

சாப்பாட்டில் வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், பருப்பு ஆகியவை பலருக்கு வாயுவைக் கிளப்பும். மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த ஃபாட்மேப் உணவுமுறையில் இவற்றை இரண்டு முதல் ஆறு வாரம் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பார்கள். திரும்பச் சேர்க்கும் கட்டத்தை நம்மவர்கள் மறந்துவிட்டு ஆயுசுக்கும் பத்தியம் இருப்பதுதான் கொடுமை. முடிந்தால் உணவியல் நிபுணரோடு செய்யுங்கள். சோறு நமக்குச் சாதகம், அதில் பிரச்சினை குறைவு. கோதுமைத் தவிடு சிலருக்கு உப்புசத்தைக் கூட்டும், இசப்கோல் பெரும்பாலும் உதவும். மீட்டிங்குக்கு முன் மெல்லும் சுகர்ஃப்ரீ சூயிங்கத்தையும் சந்தேகப்படுங்கள். அதில் சேரும் சார்பிட்டால் பேதியாக்கும்.

மேலதிகாரியிடம் வியாதியின் வரலாறு வேண்டாம். "நாள்பட்ட குடல் பிரச்சினைக்கு சிகிச்சை எடுக்கிறேன் சார். நடுவில் எழுந்துபோக வேண்டி வரலாம். காலை மீட்டிங்கைப் பத்தரைக்கு வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால் போதும். திட்டவட்டமான ஒரு கோரிக்கைக்கு 'சரி' என்பது அவருக்கும் எளிது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஐபிஎஸ் இல்லை, ஆகவே சட்டத்தைக் காட்டிச் சலுகை கேட்பது கடினம். ஆனால் கழிவறைக்குப் போவது சலுகையே அல்ல. வேலை நேரம் முழுக்கத் தொழிலாளிக்குக் கழிவறை எட்டும்படி இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லியிருந்தது. பிரேக் நிமிடத்தை எண்ணுகிற இடத்தில் வேலை என்றால், வாக்குவாதம் வரும் முன்பே மருத்துவர் கடிதத்தை எச்ஆரிடம் கொடுத்துவையுங்கள்.

இன்டர்வியூ, நீண்ட பயணம் போன்ற நாட்களுக்குப் ஐபிஎஸ்ஸில் பேதி அதிகமாக இருக்கும் வகைக்காரர்கள் லோபரமைடு மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். அது பேதியை அடக்கும், வலியைத் தீர்க்காது. மலச்சிக்கல் வகைக்கு ஆகவே ஆகாது. முதல் மாத்திரையை இன்டர்வியூ நாளன்று போடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் போட்டு, உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்த்துவிடுங்கள்.