ஏஞ்சல் மீன் வாங்கறதுக்கு முன்னாடி

தம்பி, தங்கச்சிகளா, ஏஞ்சல் மீன் மேல ஆசை வந்தா உடனே கடைக்கு ஓடாதீங்க. முதல்ல உங்க வீட்டுத் தண்ணியைப் பாருங்க. இந்த மீனுக்குப் பூர்வீகம் அமேசான் ஆறு. அங்க தண்ணி உப்பில்லாம மென்மையா, வெதுவெதுன்னு இருக்கும். நம்ம ஆத்தூர்ல காமராஜர் அணைத் தண்ணி வர்ற வீடுன்னா பாதிக் கவலை விட்டது. மலை ஓடைகள்ல இறங்கி வர்ற தண்ணி அது. போர் தண்ணி மட்டும்தான்னா, வெந்நீர் காய்ச்சற பாத்திரத்தைப் பாருங்க. வெள்ளையா உப்புப் படிஞ்சிருந்தா மீன் பிழைச்சுக்கும், ஆனா முட்டை சரியாப் பொரியாது. சுத்தமாப் பிடிச்ச மழைத்தண்ணியைப் பாதிக்குப் பாதி கலந்துக்கோங்க. குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கும். ஒரு நாள் வாளியில வெச்சு, ஏர் பம்ப் ஓட விட்டு, அப்புறம் ஊத்துங்க.

தொட்டியில நீளத்தை விட உயரம் முக்கியம். துடுப்பு மேலயும் கீழயும் நீண்டு வளர்ற மீன் இது. ஒன்றரை அடி உயரத்துக்குக் குறையவே கூடாது. புதுத் தொட்டியில அன்னிக்கே மீனை விட்டா அதோட கழிவுல சேர்ற அம்மோனியாவே அதைக் கொன்னுடும். ஏற்கெனவே ஓடற தொட்டியோட பழைய ஸ்பாஞ்சை உங்க ஃபில்டரோட சேர்த்து ஓட விடுங்க. கழிவைத் தின்கிற பாக்டீரியா அதுல இருக்கு.

கடையில "ஜோடி"ன்னு ரெண்டு மீனைக் கொடுத்தா நம்பாதீங்க. சின்னதுல ஆண், பெண் யாராலயும் சொல்ல முடியாது. ஆறு குஞ்சு வாங்கி, மூணடித் தொட்டியில ஒண்ணா வளருங்க. எட்டு மாசத்துலருந்து ஒரு வருஷத்துக்குள்ள ரெண்டு மட்டும் ஒரு மூலையைப் பிடிச்சுக்கிட்டு மத்ததை விரட்டும். அதுதான் நிஜமான ஜோடி. அதை மட்டும் ரெண்டடித் தொட்டிக்கு மாத்தி, ஒரு பிவிசி பைப் துண்டையோ கறுப்புக் கடப்பாக் கல்லையோ சாய்ச்சு வைங்க. ரெண்டும் சேர்ந்து அதை வாயால சுத்தம் பண்ண ஆரம்பிச்சா முட்டை வரப்போகுதுன்னு அர்த்தம். அப்போ வயித்துக்குக் கீழ ஒரு குழல் தெரியும்: பெண்ணுக்குத் தடிச்சு மொண்ணையா, ஆணுக்கு மெலிஞ்சு கூரா இருக்கும்.

முதல் சில தடவை பெத்ததுங்களே முட்டையைத் தின்னுடும். மனசு உடைஞ்சு போகாதீங்க, இந்த மீனுக்கு அது சகஜம். குஞ்சு வேணும்னா முட்டை ஒட்டின கல்லைத் தண்ணிக்குள்ளயே வேற தொட்டிக்கு மாத்தி, பக்கத்துல காத்துக்குமிழி விட்டு, மெத்திலீன் ப்ளூ சில சொட்டு விடுங்க. வெள்ளையாப் போன முட்டை செத்தது. 28 டிகிரியில ரெண்டு, மூணு நாள்ல பொரியும். மார்கழிக் குளிர்ல ஹீட்டர் கட்டாயம்.

பொரிஞ்சதும் தீனி போடாதீங்க. அஞ்சு நாள் போல வயித்துல இருக்கிற கருவே அதுங்களுக்குச் சாப்பாடு. நீந்த ஆரம்பிச்ச அன்னிக்கு உயிருள்ள ஆர்ட்டீமியாக் குஞ்சு, அதாவது உப்புத்தண்ணிப் பொடி இறால் குஞ்சு, தயாரா இருக்கணும். லிட்டருக்கு 25 கிராம் அயோடின் இல்லாத கல் உப்பு கரைச்சு, அதுல ஆர்ட்டீமியா முட்டையைப் போட்டுக் காத்து விட்டா மறுநாள் பொரிஞ்சுடும். வடிகட்டி, நல்ல தண்ணியில அலசிட்டுப் போடுங்க. அவிச்ச மஞ்சள் கருவைக் கரைச்சு ஊத்தறவங்க நிறையப் பேர். அது தண்ணியைக் கெடுத்து ஒரே ராத்திரியில குஞ்செல்லாம் செத்துப் போறதைத்தான் நான் பார்த்திருக்கேன். தினமும் கொஞ்சம் தண்ணி மாத்துங்க.

ஒரு ஈட்டுல நூத்துக்கணக்குல குஞ்சு வரும். மிஞ்சினதைக் கடைக்குக் கொடுங்க, தெரிஞ்சவங்களுக்குக் கொடுங்க. அணையிலயோ குளத்துலயோ மட்டும் விட்டுடாதீங்க. இதே குடும்பத்து மீன்தான் நம்ம ஜிலேபி. ஆப்பிரிக்க மீனான அது 1952-ல இந்தியாவுக்கு வந்து, இன்னிக்கு நம்ம ஊர் மீனையெல்லாம் தள்ளிட்டுக் குளம் குளமா நிக்குது.