வீட்டுக் கேமராச் செயலியை நீங்களே சோதிக்கலாம்: சில குறிப்புகள்

செலாயாங் ஜெயா, செலாயாங் பாரு, பத்துமலை என்று நம் வட்டாரத் தாமான்களில் தெருவுக்குத் தெரு வாசல் கேமராக்கள் வந்துவிட்டன. பொருத்த வருபவர் செயலியை நம் கைப்பேசியில் ஏற்றுவார், வாசல் படம் தெரிவதைக் காட்டுவார், பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். படம் தெரிவது சோதனையின் முதல் படி மட்டுமே. கேமரா தயாரிக்கும் இடங்களில் இதே செயலியின் பொத்தான்களை ஒரு நிரல் இரவெல்லாம் அழுத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் என்ன நடந்தது என்று குறித்து வைக்கும். அந்த வேலையில் வீட்டில் கையாலேயே செய்யக்கூடியவற்றை இங்கே தருகிறேன். ஒரு சனிக்கிழமை மதியம் போதும். இரவுக்கான குறிப்புக்கு மட்டும் இருட்டும்வரை பொறுத்திருங்கள்.

1. பள்ளி நோட்டு ஒன்றில் மூன்று பத்திகள் போடுங்கள்: செய்தது, நடக்க வேண்டியது, நடந்தது. நடுப்பத்தியைச் சோதனைக்கு முன்பே நிரப்பிவிட வேண்டும். ‘அறிவிப்பு ஒழுங்காக வர வேண்டும்’ என்று எழுதிப் பயனில்லை. ‘கேட் அருகே ஆள் நின்றால் பத்து விநாடிக்குள் கைப்பேசி ஒலிக்க வேண்டும்’ என்று எழுதுங்கள். எண் இல்லாத எதிர்பார்ப்பு எப்படியும் தேறிவிடும்.

2. நேரலையை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கேமராவுக்குள் படம் இரண்டு வழியாகப் போகிறது. ஒன்று வைஃபை வழியாக உங்கள் திரைக்கு. மற்றொன்று உள்ளே இருக்கும் மெமரி கார்டுக்கு. கார்டு செத்துப்போயிருந்தாலும் திரையில் படம் பளிச்சென்று தெரியும். பல செயலிகளில் பதிவு நடப்பதாகச் சொல்லும் சிவப்புப் புள்ளிகூட மின்னிக்கொண்டிருக்கும். அதனால்தான் நல்ல தானியங்கிச் சோதனை அந்தப் புள்ளியோடு நிற்பதில்லை. பதிவான கோப்பைத் திறந்து, நீளம் சரியா, படச் சட்டங்கள் விடுபட்டனவா, ஒலி உதட்டசைவோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். நீங்களும் கேமரா முன் நின்று ஒன்றிலிருந்து அறுபது வரை உரக்க எண்ணுங்கள். பிறகு பதிவைத் திறந்து கேளுங்கள். எந்த எண்ணாவது காணாமல் போயிருந்தால் முதலில் கார்டைச் சந்தேகியுங்கள். நாள் முழுக்க எழுதி அழிக்கும் வேலைக்கென்றே நீடித்து உழைக்கும் கார்டுகள் விற்கிறார்கள். சாதாரணக் கார்டு அந்த உழைப்பைத் தாங்காது.

3. பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவர் சுவிட்சை அணையுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடிமழைக்குக் குறைவில்லை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் அது உச்சத்தில் இருக்கும். மின்சாரம் டிரிப் ஆவது நமக்குப் பழக்கம்தான். கேமராவுக்கும் அது பழகியிருக்கிறதா என்பதே கேள்வி. ஒரு நிமிடம் கழித்து சுவிட்சைப் போடுங்கள். யாரும் தொடாமலே வைஃபையில் சேர்ந்து பதிவைத் தொடங்க வேண்டும். அணைப்பதற்கு முந்திய காட்சியும் திறக்க வேண்டும். எம்பி4 கோப்பின் அட்டவணை பெரும்பாலும் பதிவு முடியும்போதுதான் எழுதப்படுகிறது; நடுவில் மின்சாரம் போனால் முழுக் கோப்புமே திறக்காமல் போகலாம். நல்ல கேமராக்கள் பதிவைச் சிறு சிறு கோப்புகளாக வெட்டி வைப்பது இதற்காகவும்தான்.

4. மின்சாரம் வந்ததும் திரையின் மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். 1970 ஜனவரி 1 என்று காட்டினால் கேமரா இணையத்திலிருந்து நேரத்தை இன்னும் வாங்கவில்லை. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி முதல் உலக நேரத்துக்கு எட்டு மணி முன்னால் இருக்கிறது. சரியாக இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடினால் கேமரா இந்திய நேரத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து வாங்கி வந்த கேமராக்களில் இதைக் காணலாம். நேரம் தவறிய பதிவைப் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனால் முதல் கேள்வி அதைப் பற்றித்தான் வரும்.

5. வீட்டு வைஃபையில் உட்கார்ந்துகொண்டு மட்டும் சோதிக்காதீர்கள். கைப்பேசியின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். பிறகு பாசார் போரோங் (மொத்தச் சந்தை) பக்கம் போகும்போது ஒரு முறை. தைப்பூசத்தன்று பத்துமலைக் கூட்டத்தில் நின்றுகொண்டு வீட்டைப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள், நெரிசலில் இணையம் மெதுவாகும் என்பதையும் மனத்தில் வையுங்கள். படத்தரத்தைக் குறைத்துப் பார்க்கும் பொத்தான் எங்கே என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

6. சிம் கார்டு போடும் பழைய 3ஜி கேமரா இருந்தால் சோதிக்க நேரம் செலவழிக்க வேண்டாம். மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது.

7. அறிவிப்பு வரவில்லையா? கேமராவைத் திட்டுவதற்கு முன் கைப்பேசியின் அமைப்புகளைத் திறவுங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் ஒவ்வொரு செயலியும் அறிவிப்பு அனுப்ப உங்களிடம் அனுமதி கேட்கிறது, அவசரத்தில் மறுத்திருப்பீர்கள். பேட்டரியை மிச்சப்படுத்தும் வசதியும் பின்னணியில் ஓடும் செயலியை முடக்கிவிடும். கைப்பேசியைப் பூட்டி, ஒரு மணி நேரம் மேசையில் வைத்துவிட்டு, பிறகு வாசலில் யாரையாவது நடக்கச் சொல்லுங்கள். திரை விழித்திருக்கும்போது செய்த சோதனை இதில் கணக்கில் வராது.

8. இடையூறு கொடுங்கள். நேரலை ஓடும்போது இன்னொருவரை அழைக்கச் சொல்லுங்கள். பேசி முடித்துத் திரும்பி வாருங்கள். கைப்பேசியைக் குறுக்காகத் திருப்புங்கள். கணவன், மனைவி, பிள்ளை மூவரும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். படம் உறைந்து நின்றுவிட்டால் அதைப் பழைய படம் என்று செயலி சொல்ல வேண்டும். உறைந்த படத்தை நேரலை போலக் காட்டுவது மிக மோசமான குறை. திரையில் ஓடும் விநாடி எண்ணைக் கவனித்தால் பிடித்துவிடலாம்.

9. பொத்தான்களைக் கண்டபடி தட்டிப் பாருங்கள். சிறு பிள்ளையிடம் கொடுத்தாலும் சரி. ஆண்ட்ராய்டில் இதற்கென்றே ‘மங்கி’ என்ற கருவி உண்டு. அது திரையில் தாறுமாறாகத் தட்டும், இழுக்கும். ஆனால் அதற்குக் கொடுக்கும் தொடக்க எண் ஒவ்வொரு முறையும் அதே எண்ணாக இருந்தால் தட்டும் வரிசையும் அச்சு மாறாமல் ஒன்றாகவே இருக்கும். செயலி விழுந்த இடத்துக்கு மறுபடி போய்ப் பார்க்க அந்த எண் போதும். நமக்கு அந்த வசதி இல்லை. ஆகவே கைப்பேசியின் திரைப்பதிவை ஓடவிட்டுக்கொண்டு தட்டுங்கள்.

10. கைப்பேசியில் எழுத்தளவை ஆகப் பெரியதாக வைத்துச் செயலியைத் திறவுங்கள். வீட்டில் தாத்தா, பாட்டி அப்படித்தான் வைத்திருப்பார்கள். ‘பதிவு’, ‘பேசு’ பொத்தான்கள் திரைக்கு வெளியே தள்ளப்படுகின்றனவா? மொழியை மலாய்க்கு மாற்றியும் பாருங்கள். அடுத்து, பார்வையற்றோருக்காகத் திரையைப் படித்துக் காட்டும் வசதியை இயக்குங்கள். ஒவ்வொரு பொத்தானின் பெயரையும் சொன்னால் நல்ல செயலி. வெறுமனே ‘பொத்தான், பொத்தான்’ என்றால் அக்கறையில்லாமல் செய்தது. ஆண்ட்ராய்டின் யூஐ ஆட்டோமேட்டர் போன்ற சோதனைக் கருவிகளும் பெரும்பாலும் இதே பெயர்களை வைத்துப் பொத்தான்களைக் கண்டுபிடிக்கின்றன. பார்வையற்றவருக்குப் புரியாத திரை இயந்திரத்துக்கும் புரிவதில்லை.

11. தாமதத்தை அளக்க: ஒரு கைப்பேசியில் நிறுத்துக்கடிகாரத்தை ஓடவிட்டுக் கேமராவுக்குக் காட்டுங்கள். இரண்டாவது கைப்பேசியில் நேரலையைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். மூன்றாவதால் இரண்டையும் சேர்த்து ஒரு படம் எடுங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசமே தாமதம். கேமரா வழியாக வாசலில் நிற்பவரோடு பேச வேண்டும் என்றால் இரண்டு விநாடியே அதிகம்.

12. வீட்டு விளக்கின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் ஓடினால் அமைப்புகளில் 60 ஹெர்ட்ஸ் என்றிருப்பதை 50 என்று மாற்றுங்கள். மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

13. இருட்டியதும் வாசலில் வழக்கமாக நடப்பது போல் நடந்து பதிவைப் பாருங்கள். அகச்சிவப்பு வெளிச்சத்தில் படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். கார் வண்ணம் தெரியாது. முகம் தெரிகிறதா, கார் எண் படிக்க முடிகிறதா என்பவை தனித்தனிச் சோதனைகள். சிலந்தி வலையும் மழைத்துளியும் பொய் அறிவிப்பு கிளப்பும். மாதத்துக்கு ஒரு முறை கண்ணாடியைத் துடையுங்கள். பகலில் செடியெல்லாம் ஊதா கலந்து தெரிந்தால் உள்ளே அகச்சிவப்பு வடிகட்டி மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

14. பெட்டியோடு வந்த கடவுச்சொல்லால் நுழைய முயலுங்கள். நுழைய முடிந்தால் சோதனை தோல்வி, உடனே மாற்றுங்கள். 2016இல் ‘மிராய்’ என்ற தீநிரல் தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரௌட்டர்களையும் பெரும் எண்ணிக்கையில் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் பல பெரிய இணையத்தளங்களைத் திறக்க முடியாமல் போனதற்கு அப்படிப்பட்ட வீட்டுக் கேமராக்களும் கருவியாயின.

15. செயலியோ கேமராவின் மென்பொருளோ புதுப்பிக்கப்பட்டால் நோட்டை எடுத்து அதே வரிசையில் மறுபடி செய்யுங்கள். நேற்று ஓடியது இன்று நின்றிருப்பதைக் கண்டுபிடிக்க வேறு வழியில்லை. நிறுவனங்கள் இந்த வேலையை நிரலிடம் ஒப்படைத்ததும் இதற்காகவே: நூறாவது முறையிலும் அது சலிக்காது.

16. வீட்டில் கணினி படிக்கும் பிள்ளை இருந்தால் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். ஆப்பியம் என்ற இலவசக் கருவியால் செயலியைத் திறந்து, பொத்தானை அழுத்தி, விடையைச் சரிபார்க்கும் நிரலை எழுதலாம். கேமரா இல்லாமலும் பழகலாம்: லினக்ஸில் ‘விவிட்’ என்ற இயக்கி வண்ணப் பட்டைகளைக் காட்டும் பொய்க் கேமராவை உருவாக்கித் தரும். ஒன்று மட்டும் சொல்லிக் கொடுங்கள். ‘ஐந்து விநாடி காத்திரு’ என்று எழுதக் கூடாது. ‘படம் வரும்வரை காத்திரு, முப்பது விநாடியில் வராவிட்டால் தோல்வி’ என்று எழுத வேண்டும். இன்று தேறி நாளை தவறும் சோதனைகள் பலவற்றுக்குக் காரணம் இந்தக் காத்திருப்பில் செய்த பிழைதான்.

17. தோற்றவற்றைக் கடைக்காரருக்கு எழுதும்போது ‘கேமரா சரியில்லை’ என்று எழுதாதீர்கள். மாடல், மென்பொருள் பதிப்பு, செய்த படிகள், தேதி, நேரம், நோட்டின் மூன்று பத்திகள் எல்லாவற்றையும் அனுப்புங்கள். ரசீதை நோட்டிலேயே ஒட்டி வையுங்கள். உத்தரவாதக் காலம் முடியும் முன் இதைச் செய்வது முக்கியம். கடைக்காரர் கைவிரித்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே தாக்கல் செய்யலாம்; கட்டணம் 5 ரிங்கிட்.