இமயமலைச் சிறுமியரின் சாகச முகாம்: தொண்டர் தலைவியரின் பொறுப்பு

உத்தரகாண்ட மாநிலத்தின் மலைக்கிராமங்களில் வாழும் பதினான்கு வயதுச் சிறுமிக்கு மலையேறுதல் புதிய செயலன்று. ஊற்றுநீர் கொணர்வதும், செங்குத்தான சரிவுகளில் புல்லறுத்துக் கட்டுவதும், விறகுச் சுமையுடன் இறங்குவதும் அங்குப் பெண்களின் அன்றாடக் கடமைகளாகவே நெடுங்காலம் இருந்து வந்துள்ளன. ஆடவர் பலர் சமவெளி நகரங்களிலும் படையிலும் பணிபுரிந்து வீட்டிற்குப் பணம் அனுப்புவதால், இப்பகுதியின் வாழ்க்கைமுறையை 'மணியார்டர் பொருளாதாரம்' என்று அழைப்பதுண்டு. அப்பொருளாதாரத்தில் நிலத்தையும் கால்நடையையும் காத்து நிற்பவர்கள் பெண்களே. ஆயினும் அவர்களது உழைப்பு கணக்கேடுகளில் இடம்பெறுவது அரிது. அவ்வுழைப்பினால் விளைந்த உடல் உறுதியும் மலையறிவும் 'திறன்' என்று மதிக்கப்படுவது அதனினும் அரிது.

இம்மதிப்பை அச்சிறுமிக்கு உணர்த்தவல்ல வாயில்களுள் ஒன்று சாகச முகாம். கூடாரம் அமைத்தல், பாறையேற்றம், கயிற்றின் துணையால் இறங்குதல், நெடுநடை ஆகியவை அதன் புறக்கூறுகள். அச்சத்தை அளந்தறிதல், குழுவாக முடிவெடுத்தல், எடுத்த முடிவிற்குப் பொறுப்பேற்றல் ஆகியவை அதன் உட்பயன். இவ்வுட்பயன் கூடாரத்தாலும் கயிற்றாலும் விளைவதன்று. சிறுமியருடன் பத்து நாட்கள் உண்டு உறங்கி வழிகாட்டும் தொண்டர் தலைவியரால் விளைவது. எனவே முகாமின் முதன்மை மூலதனம் அத்தலைவியரே ஆவர். அம்மூலதனத்தை விலையற்றது என்று எண்ணி, அதனைப் பேணத் தவறுவதே இத்துறையில் நேரக்கூடிய பெரும் பிழையாகும்.

வரலாற்றுப் பின்னணி

இந்தியாவில் சிறுமியருக்கான திறந்தவெளிப் பயிற்சி சாரணியர் இயக்கத்துடன் தொடங்கிற்று. முதல் சாரணியர் குழு 1911 ஆம் ஆண்டில் ஜபல்பூரில் அமைக்கப்பட்டது. பாரத சாரண சாரணியர் அமைப்பு 1950 நவம்பர் 7 அன்று உருவாயிற்று; மறு ஆண்டு ஆகஸ்டு 15 அன்று சாரணியர் சங்கமும் அதனுடன் இணைந்தது. கல்லூரி மாணவரைத் தொண்டில் ஈடுபடுத்தும் நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் தொடங்கப்பெற்றது. மலையேற்றப் பயிற்சிக்கென டார்ஜிலிங்கில் 1954 ஆம் ஆண்டிலும், உத்தரகாசியில் 1965 ஆம் ஆண்டிலும் தனி நிறுவனங்கள் நிறுவப்பட்டன.

மலைநாட்டுப் பெண்கள் இவ்வாய்ப்பினை எவ்வாறு பயன்கொண்டனர் என்பதற்குச் சான்றுகள் உள. 1981 ஆம் ஆண்டில் சந்திரபிரபா ஐத்வால், ஹர்ஷவந்தி பிஷ்ட், ரேகா சர்மா ஆகிய மூவரும் நந்தாதேவிச் சிகரத்தை அடைந்தனர். அவர்களுள் ஹர்ஷவந்தி பிஷ்ட் பொருளாதாரப் பேராசிரியர். 2021 ஆம் ஆண்டில் இந்திய மலையேற்ற அறக்கட்டளையின் தலைமைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற முதல் பெண்மணியும் அவரே. உத்தரகாசி மாவட்டத்து நாகுரி கிராமத்தில் பிறந்த பச்சேந்திரி பால் 1984 மே 23 அன்று எவரெஸ்டு சிகரத்தை அடைந்து, அவ்வாறு அடைந்த முதல் இந்தியப் பெண்மணி ஆனார். 1993 ஆம் ஆண்டில் அவர் தலைமையேற்ற இந்திய-நேபாளப் பெண்கள் குழுவினருள் 18 பேர் அச்சிகரத்தை எட்டினர். அவர்களில் எழுவர் பெண்கள். தான் ஏறியதுடன் நில்லாது பிறரை ஏற்றிவிட்ட இந்த இரண்டாம் செயலே இக்கட்டுரைப் பொருளுக்கு நெருங்கியது.

குடும்பம் செலுத்தும் விலை

சாகச முகாமிற்குக் கட்டணம் ஏதும் இல்லை என்று அறிவிக்கப்பட்ட பின்னரும் பெற்றோர் தயங்குவது அலுவலருக்கு வியப்பளிக்கலாம். பொருளாதாரம் பயின்ற மாணவருக்கு அது வியப்பளித்தல் ஆகாது. சிறுமி பத்து நாட்கள் வீட்டில் இல்லையெனில், அவள் கொணரும் நீரையும் புல்லையும் தாயோ தங்கையோ கொணர வேண்டும். முகாமின் வாய்ப்புச் செலவு இதுவே. இச்செலவு வரவு செலவுத் திட்டத்தில் எழுதப்படுவதில்லை. ஆனால் குடும்பம் அதனைத் தவறாது கணக்கிடுகின்றது.

ஆகையால் முகாமின் நாட்களைக் குறிப்பதே தொண்டர் தலைவியின் முதற்பணி. நிதியாண்டு முடிவதற்குள் ஒதுக்கீட்டைச் செலவிட்டாக வேண்டும் என்ற நெருக்கடியில் மார்ச்சு மாதத்தில் முகாம் வைக்கப்படுமாயின், உயர்ந்த வழிகளில் பனி கிடக்கும். பள்ளித் தேர்வுகளும் குறுக்கிடும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பருவமழையும் நிலச்சரிவும் உண்டு. எஞ்சிய மாதங்களுள் அறுவடை, நாற்று நடவு, குளிர்காலத்திற்கெனப் புல் சேர்த்தல் ஆகிய வேலைகள் மிகும் வாரங்களைத் தவிர்க்க வேண்டும். அவ்வாரங்கள் எவை என்பது ஒவ்வொரு கிராமத்தின் உயரத்தையும் பொறுத்து மாறுபடும். அதனை அறிந்தவர்கள் அக்கிராமத்துத் தாய்மாரே. தலைவி அவர்களிடம் சென்று கேட்டு நாள் குறிப்பாளாயின், இசைவும் நம்பிக்கையும் ஒருங்கே கிடைக்கும்.

பெற்றோர் வினவும் வேறு சில செய்திகளும் உள. இரவில் உடன் தங்குவோர் யார்? கழிப்பிடம் எங்கே? மாதவிலக்கு நாட்களில் சிறுமிக்கு வேண்டிய துணியும் வெந்நீரும் ஓய்வும் கிடைக்குமா? இவ்வினாக்களைச் சிறியனவென்று ஒதுக்கும் முகாம் சிறுமியரை இழக்கும். இவற்றிற்கு வெளிப்படையாக விடை கூறவல்ல பெண் தலைவியர் இருக்குமிடத்தில் பெற்றோரின் தயக்கம் குறைவதற்கு இடமுண்டு.

முகாமின் நடைமுறை

ஓர் எடுத்துக்காட்டாக, உத்தரகாசியிலிருந்து தோடிதால் ஏரி வரை செல்லும் நடையைக் கொள்ளலாம். உத்தரகாசி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,150 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏரியோ 3,000 மீட்டரை ஒட்டிய உயரத்தில் உள்ளது. முதலிரு நாட்கள் நகரை அடுத்த பாறைப்பகுதியில் முடிச்சுகளும் பாறையேற்றமும் கற்பிக்கப்படலாம். பின்னர் சங்கம்சட்டியிலிருந்து அகோடா கிராமத்திற்கும், அங்கிருந்து மாஞ்சிக்கும், அதன்பின் ஏரிக்கும் எனப் படிப்படியாக ஏறுதல் தகும். 2,500 மீட்டருக்கு மேல் உயர நோய் எவருக்கும் வரக்கூடும். தலைவலியுடன் குமட்டலோ தலைச்சுற்றலோ காணப்படின் மேலே செல்லலாகாது. நோய் முற்றினால் உடனே கீழிறங்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டுவது பொது விதி. மலையில் பிறந்த சிறுமிக்கு இந்நோய் வாராது என்று எண்ணுவது தவறு. அவள் வாழும் கிராமத்தின் உயரம் வேறு, ஏரியின் உயரம் வேறு.

இந்நடை அஸி கங்கைப் பள்ளத்தாக்கின் வழியே செல்கின்றது. 2012 ஆகஸ்டில் மேகவெடிப்பினால் அந்நதியில் பெருவெள்ளம் வந்து பேரழிவு விளைந்தது. ஆற்றோரச் சமதளம் கூடாரத்திற்கு எளிதாகத் தோன்றினும் அங்குத் தங்கலாகாது என்பதற்கு இந்நிகழ்ச்சியே பாடம். வறண்டு கிடக்கும் ஓடையின் படுகையும், சரிந்த கற்கள் குவிந்துள்ள சரிவின் அடிவாரமும் அவ்வாறே விலக்கத்தக்கவை.

சமையற்கூடமும் ஒரு வகுப்பறையே. சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் நீர் ஏறத்தாழ 90 பாகை செல்சியசில் கொதித்துவிடுவதால் பருப்பு வேகாமல் கிடக்கும். பிரஷர் குக்கர் ஏன் வேண்டும் என்பதை அங்கே கேட்டறியும் மாணவி இயற்பியல் பாடத்தை எளிதில் மறவாள்.

இங்கு ஒரு வேறுபாட்டை வலியுறுத்த வேண்டும். கயிறு கட்டுதல், பாறையில் காப்புச் செய்தல் ஆகியவை முறையான மலையேற்றப் பயிற்சி பெற்ற பயிற்றுநரின் பணி. தொண்டர் தலைவி ஆர்வத்தின் மிகுதியால் அப்பணியை மேற்கொள்ளலாகாது. சிறுமியரின் உடல்நிலை, உணவு, அச்சம், நட்பு, பிணக்கு ஆகியவற்றைக் கண்காணித்து, பயிற்றுநருக்கும் சிறுமிக்கும் இடையே பாலமாக நிற்பது அவள் பணி. பாறையின் நடுவே ஒரு சிறுமி அஞ்சி நிற்கும்போது அவளை ஏளனம் செய்யாமலும், வற்புறுத்தாமலும், இறங்கிவிட்டு மறுநாள் முயல்வதற்கு வழிவிடுவது எளிய செயலன்று. இறங்குவதும் ஒரு முடிவே என்று அச்சிறுமி அன்று கற்றுக்கொள்கிறாள்.

தலைமை கைமாறுதல்

சாரணியர் இயக்கத்தின் அணிமுறை இத்தகைய முகாம்களுக்கும் பொருந்துவது. ஆறு முதல் எட்டுச் சிறுமியர் ஓர் அணியாக அமைந்து, தமக்குள் ஒருத்தியைத் தலைவியாகத் தெரிந்தெடுக்கின்றனர். முதல் நாட்களில் தொண்டர் தலைவி கட்டளையிடலாம். நடுநாட்களில் வினவ வேண்டும். இறுதி நாட்களில் பார்த்திருக்க வேண்டும். புறப்படும் நேரம், சுமைப் பங்கீடு, தண்ணீருக்கான நிறுத்தம் ஆகியவற்றை அணிகளே முடிவு செய்யும் நிலை வந்தால் முகாம் வெற்றி பெற்றது எனலாம். பாதுகாப்பு பற்றிய இறுதிச்சொல் மட்டும் எந்நாளும் பெரியவரிடமே இருத்தல் வேண்டும்.

தலைமை கைமாறுவதன் பயன் மலையோடு முடிவதன்று. குடிநீர்க்குழாய் பழுதுபட்டதை ஊராட்சிக்கு எடுத்துரைக்கவும், மேற்படிப்புக்கு விடுதியில் தங்க இசைவு கேட்கவும் அதே துணிவே தேவைப்படுகின்றது. 1974 மார்ச்சு 26 அன்று சமோலி மாவட்டத்து ரேணி கிராமத்தில் கௌராதேவியும் பிற பெண்களும் மரங்களை வெட்ட வந்தோரைத் தடுத்து நின்றனர். மலைப்பெண்களிடம் துணிவு இல்லாமலில்லை. அதற்கு இடமும் ஏற்பும் கிடைத்தல் அரிது என்பதையே இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

இடரும் பொறுப்பும்

மலை எவருக்கும் உறுதிமொழி அளிப்பதில்லை. 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசி மாவட்டத்துத் திரௌபதி கா தண்டா சிகரத்தில் மேல்நிலைப் பயிற்சிக் குழுவினர் பனிச்சரிவில் சிக்கிப் பலர் மாண்டனர். அவ்வாண்டு மே மாதத்தில் பதினாறு நாட்களுக்குள் எவரெஸ்டு, மகாலு ஆகிய இரு சிகரங்களையும் ஏறிய சவிதா கன்ஸ்வால் என்னும் அம்மாவட்டத்து இளம்பெண்ணும் பயிற்றுநராகச் சென்று அதில் உயிரிழந்தார். சிறுமியர் முகாம் பனிச்சிகரங்களை நாடுவதில்லை. எனினும் இத்துயரத்தை நினைவிற்கொள்ளாத முகாம் இருத்தலாகாது. வானிலை அறிவிப்பைப் பார்த்தல், திரும்பும் நேரத்தை முன்னரே குறித்தல், அந்நேரம் வந்ததும் இலக்கு எட்டும் தூரத்தில் இருப்பினும் திரும்புதல் ஆகியவை தலைவியின் மாறாக் கடமைகள். ஏரியைக் காணாது திரும்பிய குழுவைத் தோல்வியுற்றதாக அறிக்கையில் எழுதும் அலுவலர், அடுத்த தலைவியை இடருக்குள் தள்ளுகிறார்.

அலுவலர் ஆற்றவேண்டுவன

தொண்டு என்பது ஊதியமின்மை மட்டுமே, செலவின்மை அன்று. தலைவியரின் பயணச் செலவு, தரமான காலணி, முதலுதவிப் பயிற்சி, விபத்துக் காப்பீடு ஆகியவற்றை முகாமின் மதிப்பீட்டில் தனியே காட்ட வேண்டும். பள்ளி ஆசிரியைகளுக்கு முகாம் நாட்களைப் பணிநாட்களாகக் கருதுதல் வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவியருக்கு இத்தொண்டினை அவர்கள் ஆற்றவேண்டிய பணிநேரத்தில் சேர்த்தல் வேண்டும். முன்னாள் முகாமினரான உள்ளூர்ப் பெண்களை அடுத்த ஆண்டின் துணைத்தலைவியராக்குவது எல்லாவற்றினும் சிக்கனமான முதலீடு. அவர்களுக்கு வழியும் மொழியும் தெரியும். பெற்றோருக்கு அவர்களைத் தெரியும்.

முகாமின் பயனை மதிப்பிடுங்கால், கலந்துகொண்டோர் எண்ணிக்கையை மட்டும் எழுதி முடித்தல் போதாது. ஓராண்டு கழித்து எத்தனை சிறுமியர் பள்ளியில் தொடர்கின்றனர், எத்தனை பேர் முகாமிற்கு மீண்டும் வந்து இளையோருக்கு உதவினர் என்பவற்றையும் கேட்டறிதல் வேண்டும். சுமை தூக்கிப் பழகிய தோள்களுக்கு இன்னுமொரு சுமையைத் தருவது முகாமின் நோக்கமன்று. சரிவில் புல்லறுக்கச் செல்லும் சிறுமி தன் கால்களின் உறுதியைத் தன் உடைமையாக உணர்ந்து, தனக்குப் பின்னால் வருபவளுக்குக் கைகொடுக்கும் நாளே அம்முகாமின் கணக்கு நேர்செய்யப்படும் நாளாகும்.